ஆறு குழி மைதானமும் போடாத கையெழுத்தும்

வெயிலில் கிடந்த மணலில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ஒரு வாசனை வரும். பாதி லாரிப் பட்டறை, பாதி மண். மேட்டூரில் இருபத்திரண்டு வயதில் எனக்குச் சாயங்காலம் என்றாலே அந்த வாசனைதான்...

பேரன் என் போனில் சேர்த்துவிட்ட கோல்ஃப் குழுவில் நேற்று யாரோ கேட்டிருந்தார்கள். ஆயுசு முழுக்க ஒரே ஒரு கோல்ஃப் மைதானத்தில்தான் ஆடலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? ஆளாளுக்கு ஸ்காட்லாந்து, அமெரிக்கா என்று பச்சைப்பசேல் படங்களாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். எனக்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை. கிழவன் நீட்டுகிறான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மைதானத்தில் ஒரு புல் கிடையாது.

சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் கழித்து, கம்பெனிகளில் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் நான் டிரேசர், வரைபடங்களை மெல்லிய தாளில் நகல் எடுக்கிற வேலை. சேலத்தில் அண்ணன்மார் மூன்று பேரும் தறியில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் படித்துவிட்டு மேட்டூர் குவார்ட்டர்ஸில் ஒண்டியாகக் கிடந்தேன். சனிக்கிழமை ஆபீஸ் விட்டால் திங்கள் காலை வரை வாய் திறக்காத வாரங்கள் உண்டு.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கரட்டு நிலத்தில் துரைமார்கள் ஆறு குழி வெட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். புல் பிடிக்காத பூமி. அதனால் குழியைச் சுற்றி மட்டும் மணலைக் கொட்டி, புழுதி பறக்காமல் ஆயில் ஊற்றி, சமமாக்கி வைத்திருப்பார்கள். ஆடி முடித்ததும் சாக்கை இழுத்துக் காலடித் தடத்தை அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

கடைசி துரை கிளம்பும்போது ஏழு மட்டைகளையும் ஒரு சட்டப் புத்தகத்தையும் ஸ்டோரில் போட்டுவிட்டுப் போனார். ஸ்டோர் கிளார்க் நாச்சிமுத்து, திருச்செங்கோட்டுப் பக்கம். என் வயதுதான், ஆனாலும் ‘ங்க’ போடாமல் பேச வராது. ஒருநாள் என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

“ஏனுங்க, இங்கிலீசு புஸ்தகம் படிச்சுச் சொல்லுவீங்களா? மட்டையெல்லாம் என்ர கிட்ட இருக்குது.”

அன்றைக்கு ஆரம்பித்தது... இரண்டு வருஷம் ஒரு சாயங்காலம் விடவில்லை.

ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் பந்து விழுந்தால் என்ன செய்வது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. நாச்சிமுத்துவே சட்டம் போட்டான். “வாயில ஊதித் தள்ளிக்கலாமுங்க. கை மட்டும் படக்கூடாது.” இரண்டு பேரும் குப்புறப் படுத்து ஊதியிருக்கிறோம்.

புத்தகத்தில் இருந்த ஒரு சட்டத்தை மட்டும் நான் விடவே இல்லை. எத்தனை அடியில் முடித்தோம் என்று எழுதும் கார்டில், நம்மோடு ஆடினவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கார்டு செல்லாது. டிராயிங் ஆபீஸிலும் அதே கதைதான். அடுத்தவர் வரைந்ததைக் கண்ணால் சரிபார்க்காமல் மூலையில் இனிஷியல் போட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். நாச்சிமுத்து எட்டு அடி அடித்துவிட்டு ஏழு என்று எழுதப் பார்ப்பான், விடமாட்டேன்.

“கையெழுத்துன்னா உங்களுக்குக் கோயில்ல சத்தியம் பண்றாப்பல” என்று சிரிப்பான்.

நீலகிரியில் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே நிஜமான புல் மைதானம் இருக்கிறதாம். ஆறாவது குழியில் நாச்சிமுத்து சாக்கை இழுத்துக்கொண்டே கேட்டான்.

“ஆயுசுக்கும் ஒரே மைதானத்துலதான் ஆடோணும்னா எங்க ஆடுவீங்க?”

“இங்கதான். வேற எதை நான் பார்த்தேன்?”

“பார்க்கலாமுங்க. அங்க டிராயிங்குக்கும் ஆள் வேணுமாமுங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதிப் போடட்டுமா?”

எனக்கு வேலை நிரந்தரமாகி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. பயம். வேறொன்றும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளாமல், “எனக்கு இந்த ஆறு குழி போதும்ப்பா” என்று வீறாப்பாகச் சொன்னேன்.

சாக்கை முழுசாக இழுத்து முடித்தான். “சரிங்க. அப்ப நான் மட்டும் போயிட்டு வாரேன்.”

மூன்று மட்டைகளை எடுத்துக்கொண்டு நான்கை எனக்கு விட்டுப் போனான். நான் தனியாக ஆடினேன். மணலில் ஒரே ஆளின் தடம். அதை அழிக்கவும் அதே ஆள். கார்டு எழுதுவேன், கையெழுத்து இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியைப் பார்க்கத்தான் பொறுக்காது.

மூன்று மாசம் கழித்து மலையிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே அவன் எழுதிய கார்டு. பின்பக்கம் பென்சிலில் நாலு வரி.

“இங்க புல்லு மெத்தையாட்டம் இருக்குதுங்க. துரைமாருங்க நம்மகூட ஆட மாட்டாங்க. ஆருமில்லாதப்ப ஒண்டியா ஆடினேன். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? டிராயிங் ஆபீஸ் எழுத்தில் அச்சடித்த மாதிரி எழுதினேன். ‘நான் பார்க்காத ஆட்டம். கையெழுத்துப் போட இயலாது.’ கார்டையும் கூடவே வைத்துத் திருப்பி அனுப்பினேன்.

சட்டம் என்று சொல்லிக்கொண்டேன். விட்டுவிட்டுப் போனானே என்ற கோபம்தான் அது.

அப்புறம் கடிதம் இல்லை. நான் இரண்டு எழுதினேன். ஒன்றுக்குப் பதில் இல்லை. இன்னொன்று, ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று திரும்பி வந்தது.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். அந்தக் கரட்டில் எப்போதோ ஷெட் கட்டிவிட்டார்கள். பேரன் மாதம் ஒருமுறை பெங்களூரில் ஆடுகிறான். அடிக் கணக்கைச் செல்போனே வைத்துக்கொள்கிறதாம். கையெழுத்தெல்லாம் இல்லையா என்று கேட்டேன். “அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு தாத்தா, பார்க்காமலே அமுக்கிடுவாங்க” என்றான்.

குழுவில் கேட்டவருக்கு என் பதில்: மேட்டூர். ஆறு குழி. புல் கிடையாது. கூட நாச்சிமுத்து வேண்டும்.

நாச்சிமுத்து... அந்தக் கார்டு இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பப்பா. பார்க்காமலே போடுகிறேன்.