குதிருக்குப் போட்ட தோடு

எங்கள் வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் மூன்று காணி நிலம், அதில் ஒன்றில் கரும்பு. நெல் கொட்டிவைக்கும் குதிருக்குள், விதைநெல்லுக்கு அடியில், துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்கள். அப்பா அதை 'வச்ச பணம்' என்பார். வைத்ததை எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு வருஷமும் கரும்பு நடவுக்குக் கடன் வாங்குவோம். அம்மாவின் கல்தோடு வில்லியனூர் அடகுக் கடைக்குப் போகும், வெல்லம் விற்றதும் திரும்பி வரும். அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது அந்தத் தோடு ஒன்றுதான். அதற்காகக் கட்டிய வட்டியைப் பிற்காலத்தில் கூட்டிப் பார்த்தேன். அதே போல இன்னும் இரண்டு ஜோடி வாங்கியிருக்கலாம்.

பிரெஞ்சுக்காரர் காலம். அந்த வருஷம் மதகடிப்பட்டு வெல்ல வியாபாரியின் வண்டிகளை எல்லைச் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அவர் கைக்குப் பணம் வரவில்லை, எங்களுக்கும் தரவில்லை. தோட்டுக்குக் கெடு வெள்ளிக்கிழமை. அதற்குமேல் பொறுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை சோறு போடும்போது அம்மா கேட்டாள்.

"குதிர்ல இருக்கிறத எடுத்துக் குடுத்துட்டு, வெல்லப் பணம் வந்ததும் திரும்ப வச்சிடலாமே."

"அது வச்ச பணம்" என்றார் அப்பா.

வியாழக்கிழமை வியாபாரியின் ஆள் பணத்தோடு வந்தான். அதற்குள் அம்மா விளக்கு ஏற்றியிருந்தாள். அப்பா வாங்கி எண்ணி மடியில் கட்டிக்கொண்டார்.

"இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்றாள் அம்மா.

"வெளக்கு வச்சாச்சி. இப்பப் பணம் வெளிய போவக் கூடாது."

"நாளைக்குக் கெடு."

"நாளைக்கு வெள்ளிக்கெழம. லட்சுமிய வெளிய அனுப்பச் சொல்றியா? சனிக்கெழம மொத ஆளா போறேன். எத்தினி வருஷமா குடுத்து வாங்கறோம், அவன் இன்னா ஓடியா பூடுவான்?"

"அவன் ஓட மாட்டான். தோடு ஓடிடும்."

அப்பா சிரித்தார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் நினைவு.

சனிக்கிழமை விடிவதற்குள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறும் முன்பே திரும்பிவிட்டார். கெடு முடிந்த அன்று மாலையே தோட்டைக் கடைக்காரர் ஆசாரியிடம் கொடுத்துவிட்டாராம், கல்லைப் பெயர்த்துத் தங்கத்தை உருக்கியாகிவிட்டதாம். "வேற செஞ்சிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். மீட்கக் கொண்டுபோன பணம் செலவாகாமல் அப்படியே இருந்தது. அதையும் முடிந்து குதிருக்குள் வைத்தார்.

அம்மா காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் சொருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

பொங்கலுக்கு வந்த அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவைப் பார்த்ததும் சத்தம் போட்டாள்.

"இன்னாடி இது, காது மூளியா நிக்கிற? என் தம்பி அவ்ளோ வச்சிருக்கான்னு ஊரே பேசுது!"

"அதான் அண்ணி, தோட்டைக் குதிருக்குப் போட்டுட்டாரு" என்றாள் அம்மா.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் செய்து தரவும் இல்லை. ஒவ்வொரு அறுவடையிலும் 'அடுத்த அறுவடைக்கு' என்றார். இப்படி ஒன்பது வருஷம். குச்சி இற்றுப்போனால் அம்மா புதுக்குச்சி ஒடித்துக்கொள்வாள். எங்களுக்கும் அது பழகிவிட்டது. பிறகு அப்பா இறந்துபோனார்.

கருமாதி அன்று காலை பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தாலியைக் கழற்றினார்கள், வளையலை உடைத்தார்கள். தூரத்து உறவுக்காரி ஒருத்தி, விஷயம் தெரியாதவள், "தோட்டையும் கழட்டிடும்மா" என்றாள். அம்மா இரண்டு குச்சிகளையும் உருவி அவள் கையில் கொடுத்தாள். அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அண்ணனும் நானும் விதைநெல்லைத் தள்ளி முடிச்சுகளை எடுத்தோம். வெள்ளி சில இடங்களில் கறுத்திருந்தது. அம்மாவுக்குத் தோடு செய்யலாம் என்று இருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கான காலம் அன்று காலையோடு போயிருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

சரிபாதியாகப் பிரித்தோம். என் பங்கை இரண்டு முறை எண்ணினேன். சரியாக இருந்தது.