ஒரு முன்பல்லும் இரண்டு சிநேகிதரும்

மல்லாகத்தில் நான் பிரக்கிராசியாகத் தொழில் தொடங்கிய புதிது. அறுபதுகளின் நடுப்பகுதி. அந்நாட்களில் கீழ்க்கோட்டுகளில் வழக்குப் பேசிய எங்களை அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு காலை, ஒரே சைக்கிளில் இரண்டு பேர் என் கந்தோர் வாசலில் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் செல்லத்துரை. பின்னால் இருந்தவர் இராசையா. இருவரும் சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் புகையிலை பயிரிடும் கமக்காரர்கள். இராசையாவின் மேலுதடு வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

"ஆர் அடிச்சது?" என்று கேட்டேன்.

"இவன்தான் ஐயா," என்று இராசையா பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

"ஓம், நான்தான்," என்றார் செல்லத்துரை. "எங்கள் ரண்டு பேருக்கும் நீங்கள்தான் பேசவேணும்."

நடந்தது இதுதான். சந்திக் கடையின் பின்பக்கத்தில் 'முந்நூற்றி நாலு' என்ற சீட்டாட்டம் விளையாடியிருக்கிறார்கள். எதிரெதிராக அல்ல, ஒரே கட்சியில். இராசையா கையில் வெட்டுகிற துரும்பை வைத்துக்கொண்டே வேறு கடதாசியைப் போட, வெல்ல வேண்டிய ஆட்டம் தோற்றுவிட்டது. செல்லத்துரை பரிகசித்தார். இராசையா கையை ஓங்கினார். செல்லத்துரை திருப்பி விட்ட குத்தில் பல் உடைந்தது.

பல்லைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன இராசையா, டொக்டர் கேட்டதும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அங்கே கடமையில் இருந்த பொலிஸ்காரர் அதை வாக்குமூலமாக எழுதி எடுத்துவிட்டார்.

"நான் முறைப்பாடே குடுக்கேல்லை ஐயா. எங்களுக்குள்ளை சமாதானமாப் போச்சு. வழக்கை நிப்பாட்டுங்கோ," என்றார் இராசையா.

"உதடு மட்டும் வெடிச்சிருந்தால் இணக்கசபையிலை பேசித் தீர்த்திருக்கலாம். பல்லு உடைஞ்சால் சட்டத்திலை அது கடுங்காயம். எலும்பு முறிஞ்ச மாதிரித்தான். வழக்குப் போட்டது பொலிஸ். நீர் மன்னிச்சாலும் அது நிக்காது. செல்லத்துரை மறியலுக்குப் போய்ச் சிறையிலை இருக்கவும் கூடும்," என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புகையிலைக் கன்று நட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. செல்லத்துரையின் வீட்டில் தோட்டம் செய்ய வேறு ஆள் இல்லை.

இராசையா கொஞ்சம் யோசித்தார். "கிணத்துக் கட்டிலை விழுந்து உடைஞ்சதெண்டு மாத்திச் சொல்லட்டோ?"

"சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னால் நீரும் உள்ளுக்குப் போவீர்."

"அப்ப ரண்டு பேரும் ஒண்டா இருக்கலாம்."

"ரண்டு தோட்டத்துக்கும் ஆர் தண்ணி இறைக்கிறது?" என்றேன். இராசையா அந்த யோசனையை விட்டார்.

இருவருக்கும் ஒருவரே பேச முடியாது, எதிரியான செல்லத்துரைக்காக மட்டும்தான் நான் தோன்றுவேன் என்றபோது இராசையாவுக்கு மனவருத்தம். "அடி வாங்கினவன் நான். எனக்குப் பிரக்கிராசி இல்லையோ?" என்று முறைப்பட்டார்.

"உமக்கு அரசாங்கமே பேசுது," என்று சமாதானம் சொல்லி வெளியே இருத்தினேன். அவர் போனதும் செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டார். "வாயிலை ரத்தத்தைக் கண்டாப்போலைதான் ஐயா, நான் செய்தது எனக்கு விளங்கினது. அவனுக்கு முன்னாலை சொல்ல வெக்கமாக் கிடக்கு."

அந்த வார்த்தைகளைக் கேட்ட பிறகு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையில் இரக்கம் கேட்பதென்று முடிவு செய்தேன்.

வழக்குத் தவணையன்று செல்லத்துரை குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை சொல்வதற்கு முன் நீதவான் இராசையாவைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லச் சொன்னார். சிநேகிதனைக் காப்பாற்ற இதுதான் தருணம் என்று இராசையா நினைத்துவிட்டார்.

"நான்தான் ஐயா முதல் அடிச்சனான். கன்னத்தைப் பொத்தி நல்லா ஒண்டு வச்சனான். உவனுக்குத் தலை சுத்தியிருக்கும்."

எதிரிக் கூட்டில் நின்ற செல்லத்துரைக்குப் பொறுக்கவில்லை. "அது படவே இல்லை ஐயா. தோளிலை உரஞ்சிக்கொண்டு போனது."

"பட்டதடா."

"எங்கை பட்டது? துரும்பு போடத் தெரியாத உனக்கு அடிக்கத் தெரியுமோ?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அடித்தது இராசையாதான் என்று நான் சொல்லவிருந்த வாதத்தை என் கட்சிக்காரரே உடைத்துக்கொண்டிருந்தார்.

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது காட்ஸ் விளையாடுற இடமில்லை. அடி பட்டதோ இல்லையோ, இராசையா முதலிலை கை ஓங்கினதை ரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுறியள்."

எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். எழுந்து, திடீர்க் கோபத்தில் நடந்த செயல் என்று சுருக்கமாகச் சொல்லி அமர்ந்தேன். செல்லத்துரை குற்றவாளிதான் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் மறியல் இல்லை. கட்டுப்பல்லுக்கான செலவை அவர் ஏற்க வேண்டும். ஒரு வருட நன்னடத்தைப் பிணையில் போகலாம்.

"ஆர் பிணை நிக்கிறது?" என்று நீதவான் கேட்டார்.

இராசையா கையைத் தூக்கினார். கோட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நீதவானும் உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் எச்சரித்தேன். "இந்த வருசத்துக்குள்ளை செல்லத்துரை ஆருக்கும் கை நீட்டினால் நீரும் பதில் சொல்லவேணும்."

"தெரியும் ஐயா. அதாலைதான் நிண்டனான்," என்றார் இராசையா. "இனி நான் எந்தக் கடதாசியைப் போட்டாலும் உவன் பேசாமல் இருக்கவேணும்."

"வாயாலை பேசலாம்தானே ஐயா?" என்று செல்லத்துரை என்னிடம் சட்டம் கேட்டார்.

பேசலாம் என்றேன். பேசிக்கொண்டே போனார்கள்.

இன்று கோட்டுக்கு வரும் இளம் சட்டத்தரணிகளுக்கு ஒன்று சொல்வேன். சிநேகிதரின் சமாதானம் தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை அழிக்காது. அதோடு, சமாதானமாகி வந்தவர்களைத் தனித்தனியே இருத்தி விசாரியுங்கள். கோபத்தில் வருகிறவன் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். சமாதானமானவன் அதைவிடக் கூட்டிச் சொல்வான்.