அண்ணன் போட்ட பந்து

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, அண்ணனோடு எல்லே விளையாடியவர்களே, அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. ஆண்டுத் திவசத்துக்கு நாலு வரி எழுது என்று அம்மா சொன்னா. எனக்கு நாலு வரியில் முடிக்கத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வடமராட்சியில் பிறந்தவர். கிளிநொச்சிக் குடியேற்றத்தில் எங்களைப் பெற்ற ஐயாவுக்குக் கொலனிக் காணி கிடைத்தபோது ஆனையிறவு தாண்டி லொறியில் வந்தோம். காடு வெட்டிய வருடமே ஐயா காய்ச்சலில் போய்விட்டார். வயல், அம்மா, நான் எல்லாம் அண்ணனின் தலையில் விழுந்தது. அவர் கடுஞ்சொல் பேசமாட்டார். கோபம் வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார்.

அவருக்கென்று இருந்த ஒரே ஆசை எல்லே. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் அந்த விளையாட்டில் அடிப்பவனுக்குப் பந்து போடுவது எதிர்க்கட்சி அல்ல, அவனுடைய கட்சிக்காரரே. அவன் விரும்பிய உயரத்தில் பந்து வரவேண்டும். அண்ணன் அப்படித்தான் போடுவார். கைதட்டல் அடித்தவனுக்குப் போகும். "போகட்டுமன். நான் போட்டால்தானே அவங்கள் அடிப்பாங்கள்" என்று சிரிப்பார்.

ஒரு பின்னேரம் சொந்தக் கட்சிக்காரர் ஓங்கி அடித்த பந்து அண்ணனின் வலது கண்ணில் பட்டது. வற்றாப்பளை அம்மனுக்கு அம்மா வெள்ளிக் கண்மலர் கொண்டுபோய் வைத்தா. பார்வை வரவில்லை.

அந்தப் போகம் எங்கள் வயலை உழுது விதைத்தவர்கள் அண்ணனின் எல்லே கழகத்தவர்களே. அன்று பந்தை அடித்தவர்தான் தன் எருமைச் சோடியோடு முதலில் வந்து நின்றார். அரிசி வந்தது, மரக்கறி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்தது. விளையாட மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

"இண்டைக்கு விளையாட்டு இருக்கோ?" என்று அண்ணன் கேட்பார்.

"இல்லை அண்ணை, நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்பார்கள்.

சற்று நேரத்தில் மைதானத்துச் சத்தம் எங்கள் குசினி அடுப்பு வரை கேட்கும். அண்ணன் ஒன்றும் கேளாதவர்போலத் தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் கழகத் தலைவரிடமே போய்ச் சண்டை பிடித்தேன்.

"மற்றக் கண்ணும் போச்செண்டால் அம்மாவுக்கு ஆர், தங்கச்சி, பதில் சொல்லுறது?" என்றார். அவரையும் என்ன சொல்ல?

பிறகு அண்ணனுக்காகவே ஓர் உதவி ஆட்டம் வைத்தீர்கள். செட்டிகுளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அதில் சேர்ந்த காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டோம். அண்ணனுக்கு மாலை போட்டுக் கதிரையில் இருத்தினீர்கள். ஆட்டம் முடியும்வரை மாலையும் கழுத்துமாக இருந்தார். அடுத்த மாரியில் ஐயாவுக்கு வந்த அதே காய்ச்சல் அவருக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களும், பாடை கட்டியவர்களும், தோள் கொடுத்தவர்களும் நீங்கள்தான். உங்கள் கைகளுக்கு எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டது. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. உதவி ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், அண்ணன் மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"செத்தவனைத்தான் பிள்ளை இப்பிடி மாலை போட்டு இருத்துறது. நீ அந்தத் தடியை எடு" என்றார்.

"ஐயோ அண்ணை, எனக்கு அடிக்கத் தெரியாது!"

"நீ சும்மா வீசு. பந்து வரும்."

நான் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூங்கில் தடியை வீசினேன். பந்து தடியின் நடுவில் வந்து பட்டது. மறுபடி போட்டார், மறுபடி பட்டது. நான் ஒருமுறைகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

"பாத்தியோ, ஒரு பந்தும் பிழைக்கேல்லை!" என்று அண்ணன் கத்தினார். மைதானத்தில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.