கொழுப்பு என்ற ஒரு சொல்

கண்ணாடிக் குழாயை நன்றாகக் குலுக்கி நிறுத்திவைத்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளே அடுக்குகள் பிரியும். மேலே நீர், நடுவில் பாலாடை போல வெள்ளையாக ஏதோ, அடியில் குளோரோஃபார்ம். மூளையிலிருந்து பிரிந்த கொழுப்பெல்லாம் அந்த அடியடுக்கில் கரைந்திருக்கும். இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில், தில்லியில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு அதுதான் வேலை. இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த மூளைத் துணுக்குகள் கொண்டைக்கடலை அளவில் வரும். பாதி, மனச்சிதைவு நோய் இருந்தவர்களுடையவை, மீதி, இல்லாதவர்களுடையவை. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்தக் குழாயைத் தூக்கினாலும் எனக்குச் சின்ன மாமா ஞாபகம் வரும்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு குமாஸ்தா வேலைக்குத் தில்லி வந்தவர். இரண்டாவது வருஷம், அலுவலகக் கோப்புகள் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். வேலை போயிற்று. அதிலிருந்து மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டின் பின்னறைதான் அவருக்கு. மாத்திரை குரல்களைத் தணித்தது, ஆளையும் மந்தமாக்கியது. சாப்பிடக் கூப்பிட்டால் அரை மணி கழித்து வருவார். கேட்டதற்குப் பதில் வராது. அப்பா மணி தவறாத மனுஷர். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உடம்பு கல்லு மாதிரிதானே இருக்கு? கொழுப்பு. வேற ஒண்ணுமில்ல" என்பார், மாமா காதுபடவே. ஒருநாள் மாமா என்னிடம் மெல்லச் சொன்னார்: "உள்ள பேசறவனும் இப்ப கொழுப்பெடுத்தவன்னுதான் கூப்பிடறான் பாப்பா. அவன் பேசறானா, அத்தான் பேசறாங்களான்னு புரியல."

அந்தச் சொல்லை இந்த வீட்டிலிருந்து ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. கடைசியில் அதை அரியணையில் ஏற்றியதே நான்தான். ஆய்வகத்தில் முதல் முடிவுகள் வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டில் பெருமையாக ஆரம்பித்தேன்: "அப்பா, மாமா மாதிரி இருக்கறவங்களுக்கு மூளையில இருக்கற கொழுப்பே மாறியிருக்கு." மேற்கொண்டு சொல்லவிடாமல் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இதைத்தானே பத்து வருஷமா நான் சொல்றேன்! இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" அம்மா சிரிக்கவில்லை. எழுந்து, மாமா தட்டின் பக்கத்திலிருந்த நெய்க் கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

"அப்பா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க" என்று கத்தினேன். மூளை நரம்புகளுக்கு மேல் கொழுப்பால் ஆன உறை உண்டு. அந்த உறையை உண்டாக்கும் மரபணுக்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. ஆனால் இவர்களிடம் அவை அடங்கிப் போயிருக்கின்றன. கொழுப்பு கூடவில்லை, சில வகைகள் குறைந்திருக்கின்றன. இப்படி மூச்சுவிடாமல் சொன்னேன். "குறைச்சல்னா முதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியா?" என்று அம்மா நெய்யைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டு கரண்டி ஊற்றினாள். மூளைக் கொழுப்பு வேறு, நெய் வேறு என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாமா மட்டும் சோற்றைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "எனக்கும் குறைச்சலாத்தான் இருக்குமா?" உயிரோடு இருப்பவர் மூளையை நாங்கள் பார்ப்பதில்லை என்றேன். யோசித்தார். "அப்ப செத்தப்புறம் பாரு. பாத்துட்டு அத்தான்கிட்ட சொல்லிடு, கொழுப்பு இல்லன்னு."

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கே அப்போது நிச்சயம் குறைந்துகொண்டிருந்தது. சில எண்களில் கொழுப்பு குறைந்திருந்தது, சிலவற்றில் இல்லை. குறைந்ததும் நோயாலா, வருஷக்கணக்காகத் தின்ற மாத்திரையாலா, ஓயாமல் பிடித்த பீடியாலா? எங்கள் தலைமை விஞ்ஞானியிடம் கேட்டால் கையை விரித்தார். மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நான்கு வருஷம் கழித்து நிமோனியாவில் மாமா போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மூளைதான ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். பாதியிலேயே அப்பா உடைந்து அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "வேண்டாம்மா. அவனை எவ்வளவோ பேசிட்டேன். முழுசாப் போகட்டும், விடு" என்றார். மாமாவே கேட்டுக்கொண்டது இது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அழுகிற மனுஷரிடம் எப்படிச் சொல்வது? படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இரக்கப்பட்டேனா, முடிவு வேறு மாதிரி வந்துவிடும் என்று பயந்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வாரம் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "அன்னிக்குப் பாத்திருந்தா, அவனுக்குக் குறைச்சலாத்தான் இருந்திருக்குமா?"

"தெரியாதுப்பா. பாத்தாத்தான் சொல்ல முடியும்."

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருந்திருக்கும்னு சொல்லேன்மா" என்றார்.

சொன்னேன்.