களத்தில் விழுந்த நோட்டு

தஞ்சாவூர்ப் பக்கம் கூலிச் சண்டை முற்றி, ஊருக்கு ஊர் சங்கக் கொடி ஏறிய வருஷம். நான் ஒரு மிராசுதாரிடம் கணக்கப்பிள்ளை. சாயங்காலம் களத்தை விட்டுப் போகும் பெண்கள் நெல் எடுத்துப் போகிறார்களா என்று முந்தானையை உதறச் சொல்லிப் பார்ப்பதும் என் வேலைதான். அன்று செல்லம்மா உதறியபோது நெல் விழவில்லை; ஒரு நோட்டு விழுந்தது.

பிரித்தேன். ‘அட்லஸ்: வானத்தைத் தோளில் சுமப்பவன். எக்கோ: சொந்தப் பேச்சு இல்லாதவள், அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்பவள்.’

சங்கத்து ஆட்களின் சங்கேதப் பெயர்கள் என்றே முடிவு கட்டினேன். “யாரு இந்த அட்லஸ்? எந்த ஊரு?” என்று அதட்டினேன்.

“கிரேக்கத்துப் புராணங்க. கதையோட படிச்சா இங்கிலீஷ் வார்த்தை மறக்காதுங்க. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை தனியா எழுதப்போறேன்.”

நான் நம்பவில்லை. களத்து மேட்டில் உட்கார்ந்திருந்த மிராசுதாரிடம் நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லு.”

திரும்பி அவளிடம் சொன்னேன்: “நாளையிலேருந்து வர வேணாம்.”

“இது நீங்க சொல்றதாங்க, அவங்க சொல்றதா?” என்று கேட்டபடி நோட்டுக்குக் கை நீட்டினாள்.

நோட்டைக் கொடுத்தேன்.

நான் படித்த இங்கிலீஷெல்லாம் இந்த வயதில் மறந்துபோயிற்று. எக்கோ மட்டும் மறக்கவில்லை.