தேரைக்குத் தூண்டில்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் எங்கள் வீட்டின் பின்னால், தண்ணீர் டிரம்மின் அடியில் ஒரு தேரையைப் பிடித்தேன். வளர்க்க ஆசை. பழைய பிளாஸ்டிக் டப்பில் ஒரு பாதிக்கு ஈர மணலும் மறு பாதிக்குக் காய்ந்த மணலும் நிரப்பி, நடுவில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அதற்கு வீடு அமைத்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள எதுனா துன்னா இருக்கட்டும். இல்லனா புடிச்ச எடத்துலயே வுட்டுடணும்" என்றாள் மனைவி.

இறாலை உரித்து, ஒரே அளவாக நறுக்கி, அதன் முன்னால் வைத்தேன். தேரை சட்டை செய்யவில்லை. அசைகிற இரையைத்தான் அது பிடிக்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வலை நூலில் ஓர் இறால் துண்டைக் கட்டி அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாயா இது? ஏரில கையால தடவி எறா புடிக்கிற ஆளு, வூட்டுக்குள்ள தூண்டில் போடுற?"

"சும்மா இருமே. பாக்குது பாரு."

"எறாவ எங்க பாக்குது? உன்னத்தான் பாக்குது, லூசுனு."

சிரித்தபடி குனிந்து, தேரையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஆட்டினாள். சட்டென்று நாக்கு வெளியே வந்து அவள் விரலை அடித்தது. அவள் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த நூல் நழுவிவிட்டது.

"துன்ன வந்துச்சு இல்ல? இருக்கட்டும்" என்றேன்.

"என் வெரலையா? கொண்டுபோய் வுடு!"

டிரம்மடியில் விட்டேன். விட்டதும் அங்கே ஊர்ந்த எறும்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்கியது.

"பாருமே, துன்னுது!" என்று கத்தினேன்.

"அது வூட்ல அது துன்னுது" என்றாள், விரலுக்கு மறுபடி சோப்பு போட்டுக்கொண்டே.