விலா எண்ணும் விரல்கள்

யாரைக் கட்டிக்கொண்டாலும் எலும்பக்காவின் விரல்கள் முதுகில் இறங்கி விலாவை எண்ணத் தொடங்கிவிடும். கூச்சத்தில் நெளிந்து ஓடும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளிடம், "ஐயோ, உனக்கு ஒரு ஜோடி குறையுதே!" என்று பொய்யாகப் பதறுவார். எலிக்குப் பதின்மூன்று ஜோடி, மனிதருக்குப் பன்னிரண்டு. நாளெல்லாம் அவர் எண்ணுவது எலிகளுக்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகும் கை அதே கணக்கில்தான் ஓடும்.

மருந்து ஆய்வுக்கூடத்தில் கடைசி அறை அவருடையது. ஒரு மருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வருமா என்று அறிய, முதலில் சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பிறக்கும் முன்பே எடுத்த குட்டிகள், சதை ரசாயனத்தில் ஊறிக் கண்ணாடிபோல் தெளிந்து, எலும்பு மட்டும் சாயத்தில் சிவந்து, இவர் மேசைக்கு வரும். சுண்டுவிரல் நீளம்கூட இராது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து மண்டையிலிருந்து வால் வரை பார்ப்பார். ஒரு தட்டு முடிந்ததும் குட்டிகளிடம் "போயிட்டு வாங்க" என்று விடைகொடுப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரித்தால் அவருக்கென்ன. தேநீரை ஆறி ஏடு கட்டிய பிறகுதான் குடிப்பார். ஆவி பட்டால் லென்ஸ் மங்கிவிடுமாம்.

எந்தத் தட்டு மருந்து தின்ற எலியுடையது, எது வெறும் தண்ணீர் குடித்த எலியுடையது என்று அவருக்குத் தெரியாது. தட்டில் எண் மட்டும்தான் இருக்கும். யாராவது வாய் தவறி உளறப்போனால் காதைப் பொத்திக்கொள்வார். "தெரிஞ்சுட்டா கண்ணு தனக்குத் தோணினதைத்தான் பாக்கும். அப்புறம் நான் எதுக்கு?"

சில வாரங்களாக அவர் மேசையில் இருந்தது மூக்கடைப்பு மாத்திரை. சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற சாதாரண மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கு ஆகுமா என்று இப்போதுதான் பார்க்கிறார்கள்.

இந்த நேரம் பார்த்தா, ஒரே வீட்டில் இருக்கும் தங்கைக்குச் சளி பிடிக்க வேண்டும்? கல்யாணமாகி நெடுங்காலம் காத்திருந்து உண்டான கரு; மூன்றாம் மாதம். படுத்தால் மூச்சு முட்டித் தூக்கமே போய்விட்டது. ஆவி பிடித்துச் சமாளியுங்கள் என்றார் டாக்டர். தங்கைக்கு அது போதவில்லை.

"நீதானேக்கா அந்த மாத்திரையைப் பாக்கறே? போடலாமா வேண்டாமா, ஒரே வார்த்தை சொல்லு."

"இன்னும் முடியலடி."

"பாத்த வரைக்கும் சொல்லேன்."

"பாத்ததுல எது மருந்து, எது தண்ணின்னே எனக்குத் தெரியாது."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தலையணைக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது.

மறுநாள் காலை ஒரு குட்டியின் விலாவில் லேசான நெளிவு. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. 'சரி' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார் எலும்பக்கா. அடுத்ததில் கண் நிலைக்கவில்லை. முந்தையதை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார். நெளிவுதான், சந்தேகமே இல்லை. போன மாதமாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார். அந்த எலும்பு நேராக இருக்க வேண்டுமென்று தான் ஆசைப்பட்டுவிட்டது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

எழுதியதை அடித்துத் திருத்தினார். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்குப் போனார்.

"இன்னிக்குக் காலைலேர்ந்து நான் பாத்ததையெல்லாம் வேற யாராவது முதல்லேர்ந்து பாக்கட்டும் சார். மீதியையும் அவங்களே பாக்கட்டும்."

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க கண்ணையா சந்தேகப்படறீங்க?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள என் தங்கச்சி வந்து உக்காந்துட்டா."

தான் பார்த்த தட்டை இன்னொருவர் திரும்பப் பார்க்க நேர்ந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டவர் அவர். அன்று முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தாள் தங்கை. "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இனிமே என்கிட்ட கேக்காதேடி. அந்த வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன்."

தங்கையின் கை தானாக வயிற்றுக்குப் போனது. "ஏன்? கெட்டதா எதையாவது பாத்தியா?"

"அது கெட்டதா நல்லதான்னு எனக்கே தெரியாது. தெரியாததைப் போட்டுக்காதே. என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் எலும்பு எலும்பா எண்ணிட்டு, கூடப் பொறந்தவளுக்குச் சொல்றதுக்கு இவ்வளவுதானா?" தங்கை அழுதாள். அழுததில் மூக்கு இன்னும் அடைத்துக்கொண்டது.

எலும்பக்கா அடுப்படிக்குப் போனார். வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். தங்கையின் தலைக்கு மேல் துண்டைப் போர்த்தி, தானும் அதற்குள் நுழைந்துகொண்டார். மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. ஒரு கை தங்கையின் முதுகைத் தடவிக்கொடுத்தது. விரல்கள் வழக்கம்போல விலாவில் இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. அடைப்பு லேசாக விட்டு, தங்கை ஒரு முழு மூச்சை இழுத்தாள். விரல்கள் நின்றன. எண்ணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, எலும்பக்கா உள்ளங்கையை அந்த முதுகின்மேல் விரித்து வைத்துக்கொண்டார்.